‘நைஸ்’ என்ற சொல்லுக்கு உங்கள் வீட்டு வாக்கியம் வேண்டும்

மாட்டுங்கா, தாராவி, செம்பூர் பக்கம் இருக்கிற நம் மக்களிடம் ஒரு உதவி. மும்பையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், ‘நைஸ்’ என்ற ஒரே சொல்லை வைத்து ஒரு வகுப்பு நடத்த ஆசை. லத்தீனில் ‘அறியாத’ என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கு முட்டாள்தனமான என்று அர்த்தம், அப்புறம் நுணுக்கமான என்றெல்லாம் மாறி, 18ஆம் நூற்றாண்டில்தான் ‘இனிமையான’ ஆனது. நம் வீட்டில் அது போன வழியே வேறு. உளுந்தை நைஸாக அரை என்கிறோம், துணி நைஸாக இருக்கிறது என்கிறோம், வேலை வந்ததும் நைஸாக நழுவிட்டான், நைஸாப் பேசியே காரியத்தை முடிச்சுட்டான்... இந்தக் கடைசி இரண்டையும் பிள்ளைகள் பாராட்டு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். மாவு மில்லில் (இந்தி, மராத்தியில் ‘நைஸாக’ என்பதற்கான) ‘பாரீக்’ என்று கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த உளுந்து நைஸும் புதுசுதான்.

உங்கள் பூர்வீகம் திருநெல்வேலியோ சேலமோ, வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற வாக்கியத்தைப் பேச்சுவழக்கைத் திருத்தாமல் அப்படியே போடுங்கள். ஆட்டுக்கல் காலத்தில் நைஸாக அரைப்பதற்கு ‘மையா’ தவிர வேறு என்ன சொன்னார்கள் என்று பாட்டிகளுக்கு நினைவிருந்தால் அதுவும் கட்டாயம் வேண்டும்.