தமிழ் வாத்தியாருக்கு நினைவு மலர்: தேதி, கட்டுரை, படம் மூணிலும் சந்தேகம்

எல்லைக்கல்:
வணக்கம். கேரளத்துச் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு எய்டட் பள்ளியில் 1952 முதல் 1987 வரை வேலை பார்த்த தமிழ் வாத்தியார் 92 வயசில் காலமானார். தலை திவசத்துக்குள் பழைய மாணவர்கள் சேர்ந்து மலர் போடுறோம், 300 பிரதி. பிறந்த தேதி பள்ளி ரெக்கார்டில் கொல்லம் (மலையாள ஆண்டு) 1107 மீனம், வீட்டில் பிரஜோற்பத்தி பங்குனி என்கிறார்கள், ஆதாரில் 1-1-1932. வந்த கட்டுரை எல்லாமே "அன்பானவர், கண்டிப்பானவர்" என்றுதான் இருக்கு. படங்கள் வாட்ஸாப்பில் வந்தது, மங்கல். என்ன செய்யலாம்?

பழைய ரெக்கார்டு:
தேதியில் சண்டையே இல்லைங்க. கொல்லம் ஆண்டு சிங்க மாசம், அதாவது ஆவணியில் பிறக்கும். ஆங்கில வருஷம் வர, சிங்கம் முதல் தனு (மார்கழி) பாதி வரை 824 கூட்டணும், அதுக்குப் பிறகு 825. மீனம்தான் நம்ம பங்குனி. 1107-ஓடு 825 கூட்டினா 1932 மார்ச்-ஏப்ரல். பிரஜோற்பத்தி வருஷம் 1931 ஏப்ரலில் தொடங்கி 1932 ஏப்ரலில் முடியுது, அதன் பங்குனியும் அதே மாசம். ரெண்டும் ஒண்ணுதான். ஆதாரில் இருப்பது சரியான தேதி தெரியாதவங்களுக்குப் போடுற ஜனவரி 1.

குடும்பத்தில் பென்ஷன் ஆர்டர் இருக்கும், வாங்கிப் பாருங்க. பிறந்த தேதி, ஓய்வு தேதி, எத்தனை வருஷ சர்வீஸ் கணக்கில் எடுத்தாங்க என்பதெல்லாம் அதில் வரும். அப்போ கேரளத்தில் ஓய்வு வயசு 55. இந்தத் தேதிகளில் எதை எடுத்தாலும் ஓய்வு 1987-ல்தான் வரும்.

இன்னொண்ணு. "1952-ல் கேரளாவில், பாலக்காடு மாவட்டத்தில் பணியில் சேர்ந்தார்" என்று யாராவது எழுதியிருப்பாங்க, பாருங்க! அப்போ கேரளமே கிடையாது. சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. 1949 ஜூலை 1-ல் அது திருவிதாங்கூரோடு சேர்ந்து திரு-கொச்சி ஆச்சு. அதில் திருச்சூர் மாவட்டம். 1956 நவம்பர் 1-ல் கேரளம், 1957 ஜனவரி 1-ல் பாலக்காடு மாவட்டம். பாலக்காட்டு டவுன் 1952-ல் மெட்ராஸ் மாநில மலபார் மாவட்டம். அங்கேயும் வேலை பார்த்திருந்தா அந்த ரெக்கார்டு வேற ஆபீஸ் வழி வந்திருக்கும்.

கடைசி பெஞ்ச்:
கட்டுரை கேட்டா பாராட்டுத்தான் வரும். கேள்வி அனுப்புங்க. சிலேட்டா, மணலா, எதில் எழுதிப் பழக்கினார்? வாய்பாடு எதுவரை ஒப்பிக்கணும்? சந்திப்பிழைக்கு என்ன தண்டனை? அறுவடை நாளில் பாதிப் பிள்ளைகள் வயலில் நின்னா வகுப்பை எப்படி நடத்தினார்? வீட்டில் மலையாளம் பேசுற பிள்ளைக்கு, அதிலும் இருக்கிற ழகரம், றகரத்தை விட்டுட்டு எதைத் திருத்தினார்? இப்படிக் கேட்டா ஆளுக்கு நாலு வரி வந்தாலும் அது அவர் முகம். "கண்டிப்பானவர்" என்பது எந்த வாத்தியாருக்கும் பொருந்தும்.

வயசில் மூத்தவங்களை முதலில் பாருங்க, கூட வேலை பார்த்தவங்க இருந்தா அதுக்கும் முன்னாடி. எழுதச் சொல்லாதீங்க, போனில் பதிவு பண்ணி நீங்க எழுதுங்க. குரூப் போட்டோவை எடுத்துட்டுப் போய்க் காட்டினா வருஷமும் பெயரும் தானா வரும். போட்டோவில் எழுதாதீங்க, ஜெராக்ஸில் ஒவ்வொரு முகத்துக்கும் நம்பர் போட்டுக் குறிச்சுக்கோங்க. ரெண்டு பேர் ஒரே சம்பவத்துக்கு வேற வருஷம் சொன்னா பள்ளியின் அட்மிஷன் ரெஜிஸ்டரில் அவங்க சேர்ந்த தேதி, வகுப்பு இருக்கும், அதிலிருந்து எண்ணுங்க.

அச்சுமை:
படத்தை வாட்ஸாப்பில் போட்டோவா அனுப்பினா சுருங்கிடும், டாகுமெண்டா அனுப்பச் சொல்லுங்க. அதைவிட ஒரிஜினலை வாங்கி ஸ்கேன் பண்றது நல்லது. மூணரை சென்டிமீட்டர் அகல பாஸ்போர்ட் படத்தை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தா, அச்சுக்குத் தேவையான 300 டிபிஐ-யில் ஏழு சென்டிமீட்டர் கிடைக்கும். அதுக்கு மேல பெருசாக்கினா மூக்கும் மீசையும் கலந்துடும். கண்ணாடியில் ஒட்டிக்கிட்ட படத்தைப் பிரிக்கவே பிரிக்காதீங்க, படம் பதிஞ்சிருக்கிற மேல் பூச்சு (எமல்ஷன்) உரிஞ்சு கண்ணாடியோடு போயிடும். ஃபிளாஷ் இல்லாம, பக்கவாட்டு வெளிச்சத்தில், கண்ணாடியோடவே நேரா நின்னு எடுங்க.

புத்தகம் டெம்மி 1/8 சைஸ், 16 பக்க ஃபார்ம் (ஒரே தாளில் சேர்த்து அச்சடிச்சு மடிக்கிற பக்கங்கள்). அதனால் 80 பக்கம் வெச்சுக்கோங்க, அஞ்சு ஃபார்ம். 82 ஆனா இன்னொரு ஃபார்ம் தண்டம். உள்ளே 70 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு) மேப்லித்தோ தாள் போதும். படத்துக்கு மட்டும் 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பரில் எட்டுப் பக்கம். வெறும் பசை பைண்டிங்கில் ஆர்ட் பேப்பரைப் பசை சரியாப் பிடிக்காது, ரெண்டு தடவை புரட்டினா உதிரும். தைச்சு ஒட்டச் சொல்லுங்க. உள்ஓர மார்ஜின் 20 மி.மீ. விடுங்க. பாமினி என்கிற பழைய எழுத்துருவில் டைப் பண்ணின கட்டுரையை முதல் வேலையா யூனிகோடுக்கு மாத்துங்க. ஸ்ரீ, ஷ, மேற்கோள் குறி எல்லாம் இடம் மாறும். மாத்தின பிறகுதான் புரூஃப் பாக்கணும். முன்னாடியே பார்த்தா இரட்டை வேலை.

எல்லைக்கல்:
எல்லாருக்கும் நன்றிங்க. பாதிப் பேர் மலையாளத்தில்தான் எழுதித் தந்திருக்காங்க. தமிழில் மாத்திடலாமா?

பழைய ரெக்கார்டு:
மூலத்தை அப்படியே மலையாள லிபியில் போட்டு, கீழே நாலு வரி தமிழில் சுருக்கம் கொடுங்க. எழுதினவங்க பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் படிக்க வரும். பெயர்ப் பட்டியலில் மட்டும் கவனமா இருங்க. நம்ம ஆட்கள் இனிஷியலை முன்னாடி போடுவாங்க, மலையாளத்தில் எழுதுறவங்க பல பேர் பின்னாடி போடுவாங்க. ஒரே ஆள் ரெண்டு பெயரா வந்துடுவார். எல்லாப் பெயரையும் ஒரே முறைக்கு மாத்தி, சேர்ந்த வருஷத்தையும் பக்கத்தில் போட்டுச் சரிபாருங்க.