கியூ70 (Ku70) ஜீன் நீக்கிய மார்க்சியானஸ் மதுவம் யாரிடமாவது உண்டா?

வணக்கம், யாழ்ப்பாணத்தில் குளுவெரோமைசிஸ் மார்க்சியானஸ் என்ற மதுவத்தில் (ஈஸ்ட்) வேலை செய்கிறோம். 45 பாகை செல்சியஸிலும் வளரும், மோர்த்தெளிவில் இருக்கிற லக்ரோசையும் எதனோலாக்கும், எங்கள் வெக்கைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. சிக்கல் ஜீன் மாற்றுவதில்தான். பாண் மதுவத்தில், நுழைக்கிற டிஎன்ஏ துண்டின் இரு பக்கமும் 40, 50 காரச்சோடி (டிஎன்ஏ எழுத்துச் சோடி) இலக்கு இடத்தோடு ஒத்திருந்தாலே அது சரியான இடத்தில் போய்ச் சேரும். இதிலோ அறுந்த முனைகளை அப்படியே ஒட்டிவிடும் வழிதான் ஓங்கி நிற்பதால் கண்டபடி எங்கேயோ நுழைந்துவிடுகிறது. இப்படி ஒட்டுவதற்குத் தேவையான கியூ70 ஜீனை நீக்கினால் இது நன்றாகக் குறையும். அந்த இனமோ, இதில் வேலை செய்கிற கிரிஸ்பர் பிளாஸ்மிட்டோ (டிஎன்ஏயைக் குறித்த இடத்தில் வெட்டும் கருவியைக் கலத்துக்குள் கொண்டுபோகும் வட்ட டிஎன்ஏ) உங்களிடம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். கொழும்பு, பேராதனை என்றால் நானே வந்து எடுப்பேன். ஜி418 என்ற நுண்ணுயிர்க்கொல்லியால் ஜீன் ஏறிய கலங்களைத் தேர்வது எங்களிடம் சரியாக வருகிறது. பிறகு, டிஎன்ஏயைக் கலத்துக்குள் ஏற்றும் லித்தியம் அசற்றேற்று முறையில் வெப்ப அதிர்ச்சி எவ்வளவு நேரம் கொடுக்கிறீர்கள்?