ட்ரவுட் பிடிக்க ஃபிளை லைன் கொழும்பில எங்க எடுக்கலாம்?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி வேணும். லீவுக்கு நுவரெலியாப் பக்கம் போறம். வெள்ளைக்காரர் 19ஆம் நூற்றாண்டில கொண்டுவந்து விட்ட ட்ரவுட் அந்த மலை ஓடைகளில இருக்கெல்லோ, அதை ஃபிளை (பூச்சி மாதிரி இறகும் நூலும் சுத்தின கொக்கி) போட்ட தூண்டிலால பிடிக்க ஆசை. அது குளிர் தண்ணி மீன். களனி ஆத்தில தேடிப் பிரயோசனமில்லை.

புறக்கோட்டையில கேட்டால் கடல் தூண்டிலையும் ஈயக்குண்டையும்தான் எடுத்துக் காட்டுறாங்கள். இதுக்கு அது சரிவராது. ஃபிளைக் கொக்கிக்குப் பாரமே இல்லை. வீசேக்க அதைக் கொண்டுபோறது லைனின்ர பாரம்தான். சின்ன ஓடைக்கு 4ஆம் நம்பர் (பாரம் குறைஞ்ச) லைனும் அதுக்கேத்த கோலும், லைனுக்கும் கொக்கிக்கும் நடுவில கட்டுற, நுனி மெலிஞ்ச 9 அடி லீடர் நரம்பும் போதும். பாவிச்சதெண்டாலும் பரவாயில்லை, வாடகைக்குத் தந்தால் இன்னும் நல்லம். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் ஆரிட்டையும் இருக்கோ?

மற்றது, அனுமதி. ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா, அதுக்குள்ள தூண்டில் போடுற யோசனை இல்லை. வெளியில உள்ள ஓடைகளுக்கு ஆரிட்ட அனுமதி எடுக்கிறது? அண்மையில போனவை சொன்னால் பெரிய உதவி. "மீனை மார்க்கெட்டில வாங்கு தம்பி" எண்டு எழுதப்போறவைக்கு முன்கூட்டியே நன்றி, வீட்டில அம்மா சொல்லிட்டா.