மேட் கோட் அடித்ததும் கருப்பு அடிப்பக்கம் வெளுத்துவிட்டது

1/144 அளவு ஸ்பேஸ் ஷட்டில் மாடல். அக்ரிலிக் பெயிண்ட், பளபளப்பு கிளியர் கோட், டீகால் (சின்னம், எழுத்து உள்ள ஒட்டுப்படம்), அப்புறம் வெப்ப ஓடுகள் மேல் ஆயில் பெயிண்டில் மெல்லிய கறைக் கோடுகள். அதுவரை அழகாக வந்தது. போன ஞாயிறு கடைசியாக, பளபளப்பைக் குறைக்க லாக்கர் (வேகமாகக் காயும் கரைப்பான் வகை) மேட் ஸ்ப்ரே அடித்தேன். காய்ந்ததும் கருப்பு அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. வெள்ளை மேற்பகுதியில் ஒன்றும் தெரியவில்லை (தெரியாதுதானே!).

சென்னை, நவம்பர் மழை, ஏசி இல்லாத அறை. ஈரப்பதம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

வெயில் நாளில் அதே ஸ்ப்ரேயை மெல்லியதாக மறுபடி அடித்தேன், கொஞ்சம் குறைந்தது. ஹேர் டிரையர் பயனில்லை. பேபி ஆயில் தடவினால் கருப்பு திரும்புகிறது, துடைத்தால் போய்விடுகிறது. மேலே பளபளப்பு கோட் அடிக்கச் சொல்கிறார்கள். பூமிக்குத் திரும்பிய ஷட்டில் அப்படி மின்னக் கூடாதே.

டீகாலும் கறைக் கோடுகளும் கெடாமல் இந்த வெண்படலத்தைப் போக்க என்ன செய்யலாம்?