'இடைவிடாத உண்ணாவிரதம்' வேண்டாம். வேறு சொல் சொல்லுங்கள்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

எடை குறைக்க விரும்புகிறவர்களுக்குக் கொடுக்க நான்கு பக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். தலைப்பிலேயே வண்டி நின்றுவிட்டது. 'இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்'குக்குத் தமிழில் என்ன எழுதுவது? தேடிப் பார்த்தால் 'இடைப்பட்ட உண்ணாவிரதம்', 'இடைவெளி விரதம்', 'இடைநிலை உண்ணாநோன்பு' என்று ஆளுக்கொன்று கிடைக்கிறது. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது 'இடைவிடாத உண்ணாவிரதம்'. கணினி மொழிபெயர்த்ததை ஒருவரும் படித்துப் பார்க்காமல் ஏற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. விட்டு விட்டு இரு என்று சொல்ல வந்த சொல், விடாமல் இரு என்கிறது. அதை நம்பி யாராவது இறங்கினால் குறைவது எடை மட்டுமாக இருக்காது.

'உண்ணாவிரதம்' என்ற சொல்லே எனக்கு ஒட்டவில்லை. கேட்டதும் பந்தல், பதாகை, பழச்சாறு கொடுத்து முடித்துவைக்கும் தலைவர் எல்லாம் கண்முன் வந்துவிடுகிறார்கள். கோரிக்கை இல்லாமல் உண்ணாவிரதம் ஏது?

அதனால் முதல் வரைவில் 'நோன்பு' என்று போட்டேன். சாப்பிடாமல் இருக்கும் மணிநேரத்தை 'நோன்புச் சாளரம்' என்றேன் (சிரிக்காதீர்கள், ராத்திரி பதினொரு மணிக்கு எழுதியது). வரைவை மூன்று பேரிடம் படிக்கக் கொடுத்தேன். ஒருவர், "அப்போ தண்ணிகூடக் குடிக்கக் கூடாதா?" என்றார். இன்னொருவர், "பாலும் பழமும் எடுத்துக்கலாம், இல்லையா?" என்றார். மூன்றாமவர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். "மாத்திரையையும் நிறுத்திடணுமா?" என்று அவர் கேட்டதில்தான் எனக்குப் பகீரென்றது. சில வகைச் சர்க்கரை மாத்திரைகளையும் இன்சுலினையும் வழக்கம்போல எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போகும். தானாக நிறுத்தினால் மேலே ஏறும். எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவர்தான் மாற்றித் தரவேண்டும். கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. ஆனால் முதல் பக்கத்தில் ஒரே ஒரு சொல் அவர்களை வேறு வழியில் கொண்டுபோய்விட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ஒரு பெயருக்குக் கீழே நாலைந்து வழிமுறைகள் இருக்கின்றன. 16:8 என்றால் நாளில் 8 மணிநேரத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிட்டு மீதி 16 மணிநேரம் சாப்பிடாமல் இருப்பது. 5:2 என்றால் வாரத்தில் 5 நாள் வழக்கம்போல, 2 நாள் மட்டும் நாளுக்கு 500 அல்லது 600 கலோரி. ஒருநாள் விட்டு ஒருநாள் இருப்பது வேறு. ஒரே வேளை சாப்பிடுவது வேறு. இதில் 5:2-ஐக் கவனியுங்கள். அந்த 2 நாளும் சாப்பிடத்தான் செய்கிறார்கள், குறைவாக. அப்படியானால் 'உண்ணா' என்று தொடங்கும் எந்தச் சொல்லும் அங்கே பொய்யாகிவிடுகிறதே?

கையேட்டில் லேசான உடற்பயிற்சி பற்றியும் ஒரு பக்கம் இருக்கிறது. அதிலும் ஒரு சொல் இடறுகிறது, அப்புறம் எழுதுகிறேன். முதலில் இதற்கு வழி சொல்லுங்கள்.

*

மறுமொழி:

வணக்கம் அம்மா. நல்ல கேள்வி. நமக்குப் பழைய மருத்துவ வழக்கில் ஒரு முன்மாதிரி இருப்பதை யாரும் கவனிக்கவில்லை. விட்டு விட்டு வரும் காய்ச்சலை நம் பெரியவர்கள் 'இடைப்பட்ட காய்ச்சல்' என்றா சொன்னார்கள்? 'முறைக்காய்ச்சல்' என்றார்கள். முறை வைத்து வரும், முறை வைத்துப் போகும். அதே தடத்தில் 'முறைநோன்பு' என்று வைக்கலாம். நாவில் புரள்கிறது, சின்னதாக இருக்கிறது.

'நோன்பு' என்ற சொல்லுக்கு நீங்கள் பயப்படுவது புரிகிறது. ஆனால் அதன் வேர் 'நோல்', பொறுத்துக்கொள்வது. "உண்ணாது நோற்பார் பெரியர்" என்று 160-ஆம் குறளில் வருகிறதே, அங்கே 'உண்ணாது' என்று தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது, பாருங்கள். நோற்றல் என்றால் தானாக விரும்பி ஒன்றைத் தாங்குவது. எதைத் தாங்குவது என்பதை அடைமொழிதான் சொல்லவேண்டும். ஆக 5:2-இல் குறைவாக உண்பவரும் நோற்பவர்தான். பொய்யாகாது.

2024-இல் இத்துறை அறிஞர்கள் 38 பேர் கூடி நோன்புச் சொற்களுக்கு வரையறை வகுத்து 'செல் மெட்டபாலிசம்' இதழில் வெளியிட்டார்கள். ஆங்கிலத்திலேயே ஆளுக்கொரு பொருளில் எழுதிக்கொண்டிருந்ததுதான் காரணம். நாம் மட்டும் திண்டாடவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். அதில் முதல் அடையாளமே தன் விருப்பம் என்பதுதான். சோறு கிடைக்காமல் கிடப்பது கணக்கில் வராது. அந்த வகையில் 'பட்டினி' அடிபட்டுப்போகிறது, 'நோன்பு' நிற்கிறது. தண்ணீரும் குடிக்காமல் இருப்பதை அவர்கள் தனி வகையாகப் பிரித்திருக்கிறார்கள். நாமும் 'நீரற்ற நோன்பு' என்று பிரித்துவிடலாம்.

ஒருவேளை உணவுக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். 'ஒருபொழுது' இருக்கிறது. அவர் இன்று ஒருபொழுது என்றால் எல்லாருக்கும் விளங்கும்.

*

மறுமொழி:

எல்லாருக்கும் வணக்கம். ஐயா அளவுக்கு எனக்கு இலக்கணம் தெரியாது. ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன், அங்கே நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

காலையில் ஊசி போடுவதற்கு முன்னால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "வெறும் வயிற்றோடதானே வந்திருக்கீங்க?" அவ்வளவுதான். நோன்பு, விரதம், உண்ணாநிலை எதுவும் கிடையாது. முந்தின நாள் தொலைபேசியில் சொல்லும்போதும், "எட்டு மணிநேரமாவது வெறும் வயிறா இருக்கணும், தண்ணி குடிக்கலாம்" என்போம். படித்தவர், படிக்காதவர் எல்லாரும் சரியாக வந்து நிற்கிறார்கள். யாரும் பால் பழம் சாப்பிட்டுவிட்டு "அது பரவாயில்லையே" என்று வந்ததில்லை. சரி, ஒருவர் வந்தார். அவர் பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு, "இது சாப்பாடு இல்லையே" என்றார். அவரை விட்டுவிடுவோம்.

தைராய்டு மாத்திரைச் சீட்டிலும் இதே சொல்தான் இருக்கிறது, 'வெறும் வயிற்றில்'. அதனால் வெறும் வயிறு என்றால் மாத்திரையும் கூடாது என்று யாரும் நினைப்பதில்லை. உங்கள் சாளரத்தை மூடிவிட்டு 'வெறுவயிற்று நேரம்' என்று போடுங்கள் அம்மா. மற்ற பாதி 'சாப்பாட்டு நேரம்'. 16:8 என்றால் 16 மணி வெறுவயிறு, 8 மணி சாப்பாடு. பாலும் சர்க்கரையும் சேர்க்காத காபி, தேநீர் குடிக்கலாம் என்று உங்கள் கையேடு சொன்னால் அதை மட்டும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நாங்கள் அதையும் வேண்டாம் என்போம்.

இன்னொன்று. 5:2-இல் அந்த 2 நாளுக்கு என்ன பெயர் என்று யோசித்தேன். ஒரு நாளைக்கு 2000 சொச்சம் கலோரி தேவைப்படுகிறவருக்கு 500 என்றால் கால் பங்கு. 'கால்வயிறு' என்று நம்மிடமே சொல் இருக்கிறதே!

ஐயாவுக்கு ஒரு சின்னச் சந்தேகம். 'முறைநோன்பு' என்று படித்ததும் எனக்கு 'முறையான நோன்பு' என்றுதான் தோன்றியது. அப்படியானால் மற்றவர்கள் இருப்பது முறைகேடான நோன்பா?

*

மறுமொழி:

இருவருக்கும் நன்றி. மூன்று நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பரிசோதனைக்கூட நண்பர் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டேன். தினமும் வாயில் வரும் சொல், கையேடு எழுத உட்கார்ந்தபோது மட்டும் வரவில்லை. 'வெறுவயிறு' என்ற சொல்லுக்குள்ளேயே விதி இருக்கிறது: சாப்பாடு இல்லை, தண்ணீர் உண்டு, மாத்திரை மருத்துவர் சொன்னபடி. வரைவைத் திருத்தி அதே மூன்று பேரிடம் திரும்பக் கொடுத்தேன். தண்ணீரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சர்க்கரைக்காரர் மட்டும், "வெறும் வயித்துல இந்த மாத்திரை போட்டா எனக்கு மயக்கம் வருமே, டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும்" என்றார். மூன்றாம் பக்கத்தை அவர் இன்னும் திருப்பவில்லை!

'கால்வயிறு' பற்றி ஐயா எனக்குத் தனியாக எழுதியிருந்தார். அரைவயிறும் கால்வயிறுமாகக் கிடந்தவர்களின் சொல்லை, சாப்பாடு அதிகமாகி எடை கூடியவர்களுக்குக் கொடுப்பது அவருக்கு உறுத்துகிறது. எனக்கும் உறுத்தாமல் இல்லை. ஆனாலும் மாற்றாக நான் யோசித்த 'குறையுணவு நாள்' ஊட்டச்சத்துக் குறைவு போலத் தொனிக்கிறது. 'சிற்றுண்டி நாள்' என்றால் நாள் முழுக்க டிபன் சாப்பிடச் சொன்னதாக ஆகிவிடும். 'கால்வயிற்று நாள்' என்றால் எவ்வளவு சாப்பிடவேண்டும் என்பதைத் தட்டைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். அதையே வைத்துக்கொள்கிறேன். ஐயா மன்னிக்கவேண்டும்.

எல்லா வழிமுறைகளுக்கும் பொதுவான குடைச்சொல்லுக்கு வருவோம். 'முறைநோன்பு' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் என் மூன்று வாசகர்களில் இருவர் அதை 'முறையான' என்றே படித்தார்கள். முறைக்காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டே இராதவர்களுக்கு அந்தத் தடம் தெரியாது. 'இடைநோன்பு' என்று போட்டேன். இடைவேளை, இடைத்தேர்தல் போல, நடுநடுவே வருவது என்று பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், "இடுப்புச் சதையைக் குறைக்கிற நோன்பா?" என்றார். அந்தத் தவறான பொருளால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று விட்டுவிட்டேன். தலைப்பில் 'இடைநோன்பு', உள்ளே செய்முறை சொல்லும் இடத்தில் எல்லாம் 'வெறுவயிறு'. நோன்பு என்ற சொல்லைத் தலைப்புக்கு வெளியே எங்கும் விடவில்லை.

16:8-க்கு 'நேரவரம்பு உணவு' என்று தனிப்பெயர் கொடுத்திருக்கிறேன். இதைக் குடைச்சொல்லோடு கலக்கக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 116 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் 12 வாரம் நண்பகல் முதல் இரவு 8 மணி வரை மட்டும் சாப்பிட்டார்கள். என்ன, எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. அவர்களுக்குச் சராசரியாக 0.94 கிலோ குறைந்தது. வழக்கம்போல மூன்று வேளை சாப்பிட்டவர்களுக்கு 0.68 கிலோ. வித்தியாசம் என்று சொல்லவே முடியாது. இதைப் படித்துவிட்டு 'இடைநோன்பு பலிக்காது' என்று எழுதினால் கால்வயிற்று நாள்காரர்களையும் சேர்த்து அடித்ததாகிவிடும். அவர்கள் கடிகாரத்தை மாற்றவில்லை, அளவைக் குறைக்கிறார்கள். பெயரைப் பிரித்தால்தான் இந்த வேறுபாட்டைத் தமிழில் சொல்லவே முடியும்.

கடைசியாக அந்த உடற்பயிற்சிச் சொல். கையேட்டின் முந்தைய தமிழ்ப் பதிப்பில் 'மிதமான உடற்பயிற்சி' என்று இருந்தது. மூலத்தில் இருப்பதோ அதற்கும் ஒரு படி கீழே. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது செய்யச் சொல்வதுதான் மிதமானது: மூச்சு கொஞ்சம் வாங்கும், பேசலாம், பாட முடியாது. இந்தக் கையேடு வெறுவயிற்று நேரத்தில் செய்யச் சொல்வது பாடிக்கொண்டே செய்யக்கூடியது. ஆற அமர நடப்பது, கை காலை நீட்டி மடக்குவது, அவ்வளவுதான். 'எளிய' என்று போட்டால் கற்றுக்கொள்ளச் சுலபமானது என்று ஆகிவிடுகிறது. தண்டால்கூட அப்படிப் பார்த்தால் எளியதுதான். 'மென்பயிற்சி' என்று ஒன்றை உருவாக்கி ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "மென்பொருள் பயிற்சியாம்மா?" என்றான். அழித்துவிட்டு 'லேசான உடற்பயிற்சி (பாடிக்கொண்டே செய்ய முடிவது)' என்று எழுதிவிட்டேன்.

அச்சுக்குப் போக இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. 'இடைநோன்பு'க்கு மறுப்பு இருந்தால் அதற்குள் சொல்லுங்கள். 'வெறுவயிறு'க்கு மறுப்பு இருந்தால் என்னிடம் சொல்லவேண்டாம், காலையில் பரிசோதனைக்கூடத்தில் போய்ச் சொல்லுங்கள்.