பறவை பார்க்க ரெட்டேரி, எண்ணூர், பழவேற்காடு: மூன்றும் ஒரே நாளில் முடியுமா?

கேள்வி (வியாசர்பாடி):
ஜனவரியில் ஒரு ஞாயிறு லீவு கிடைத்திருக்கிறது. ஏழாவது படிக்கும் மகளும் வருகிறாள். டூவீலர், பழைய பைனாகுலர் ஒன்று. பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்காமல் திரும்பக் கூடாது என்று அம்மணியின் உத்தரவு. எங்கே ஆரம்பிப்பது?

பதில் (எண்ணூர்):
முடியும் சார். முதலில் அன்றைக்கு எண்ணூரில் கடல் ஏற்ற இறக்கத்தில் தண்ணீர் எத்தனை மணிக்கு வற்றுகிறது என்று பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் சேறு தெரிந்தால்தான் உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் இறங்கி மேயும். ஏற்றத்தில் போனால் அனல்மின் நிலையப் புகைபோக்கியைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். வற்றும் நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும், அதனால் போன வாரம் போனவர் சொன்ன நேரம் உதவாது.

பாப்பாவுக்குப் பட்டாணி உப்புக்கொத்தியைக் காட்டுங்கள். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும். நாலடி ஓடும், சட்டென நிற்கும், ஒரு காலை மட்டும் ஈரச் சேற்றில் படபடவென நடுக்கும். உள்ளே ஏதாவது அசைந்தால் ஒரே கொத்து. எனக்குப் பூநாரையைவிட இதுதான் பிடிக்கும், என்னமோ.

ஒன்று, பிள்ளையைச் சேற்றில் இறக்காதீர்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சேறு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து கூழைக்கடாக்கள் கறுத்துப்போனதும் இங்கேதான்.

பதில் (கொளத்தூர்):
ரெட்டேரிக்கு விடிந்ததும் வந்துவிடுங்கள் தம்பி. தாழைக்கோழி, நாமக்கோழி, முக்குளிப்பான் எல்லாம் கரையோரமே கிடைக்கும். அரைமணி போதும். லாரி சத்தம் தொடங்கிவிட்டால் நின்று பார்க்க மனசு வராது.

கேள்வி கேட்டவர்:
அந்த ஞாயிறு பத்தரை வாக்கில் வற்றுகிறது. அப்போ பழவேற்காடு மத்தியானமா?

பதில் (எண்ணூர்):
சரியாக அமைந்துவிட்டது. மீஞ்சூரில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு மேல் போங்கள். மேற்குக் கரையில் நின்றால் வெயில் முதுகுப் பக்கம் விழும், ஏரி தெளிவாகத் தெரியும். படகில் வா என்று யாராவது கூப்பிட்டால் ஏறாதீர்கள். 2011-ல் இங்கே படகு கவிழ்ந்த விபத்துக்குப் பிறகு உல்லாசப் படகுக்குத் தடை. பூநாரை இன்றைக்கு எந்தப் பக்கம் மேய்கிறது என்று வலை உலர்த்துகிறவர்களிடம் கேளுங்கள். அண்ணாமலைச்சேரி கிராமத்துப் பக்கம் என்றால் அது வேறு வழி, இருட்டுவதற்குள் பார்த்து முடிக்கக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.