அரசு இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் வழிகாட்டுங்கள்
எல்லோருக்கும் வணக்கம். எட்டு மாதங்களுக்கு முன் வழிப்பறியில் என் தம்பியின் வலது கை உடைந்தது. இன்னும் சட்டைப் பொத்தானைக்கூட இடது கையால்தான் போடுகிறான். தாக்கியவன் பிடிபடவில்லை. அதனால் இழப்பீடு கிடைக்காது என்றே இத்தனை நாள் இருந்துவிட்டோம்.

இப்போதுதான் விசாரித்தேன். குற்றவாளி தண்டிக்கப்படாவிட்டாலும் பல நாடுகளில் அரசே உதவித்தொகை தருகிறது. 1963இல் நியூசிலாந்து இதற்கென்றே சட்டம் இயற்றியது. 1985இல் ஐ.நா. பொதுச்சபையும், குற்றவாளியிடமிருந்து முழு இழப்பீடு கிடைக்காதபோது அரசு உதவ முயல வேண்டும் என்று அறிவித்தது. இது பலருக்குத் தெரியாமலே போவது எனக்குப் பெரிய வேதனை.

சரி, என் சந்தேகங்கள். காவல்துறையில் அன்றே புகார் கொடுத்துவிட்டோம், நகல் இருக்கிறது. ஆனால் மருந்துக் கடை ரசீதுகளில் பாதி மை மங்கி வெறும் வெள்ளைத்தாளாகிவிட்டன. மருத்துவமனைப் பதிவேட்டின் நகலைக் கொடுத்தால் ஏற்பார்களா? தம்பிக்குச் சம்பளம் கையில்தான் வரும். வருமான இழப்பை எப்படிக் காட்டுவது? முதலாளியின் கடிதம் போதுமா? அப்புறம், இரவில் திடுக்கிட்டு எழுகிறான், மனநல ஆலோசனைச் செலவையும் சேர்க்கலாமா?

விண்ணப்பிக்கக் காலக்கெடு உண்டு என்பதால் பதற்றமாக இருக்கிறது. இதில் அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.